முதற்கருவி எது?

புதிதாகக் கணினி வாங்கியவர்க்கு இன்றியமையாத மென்பொருள்கள் என்று ஒரு பட்டியல் எங்கும் கிடைக்கிறது. உலாவி, நச்சுநிரல் தடுப்பு, ஆவணம் எழுதும் செயலி, கோப்புச் சுருக்கி என அது நீளும். தமிழாசிரியர் ஒருவர் அப்பட்டியலை ஒன்றுவிடாது நிறைவேற்றிய பின்னரும் அவருடைய கணினியில் 'அ' என்னும் ஓரெழுத்தைத் தட்ட இயலாது. முதலில் நிற்க வேண்டிய தமிழ் உள்ளீட்டுக் கருவி கடைசியிலும் இல்லை. அப்பட்டியலைத் தமிழாசிரியரே மாணவர்க்கு வழங்குவதுதான் விந்தை!

குறை கணினியில் இல்லை. விண்டோஸ் ஆயினும், ஆப்பிளின் மேக் ஆயினும், லினக்ஸ் ஆயினும் தமிழ் விசைப்பலகையும் எழுத்துருவும் பெரும்பாலும் உடன்வருகின்றன. விலை கொடுக்க வேண்டியதில்லை. அமைப்புப் பகுதியில் மொழிகளின் வரிசையில் தமிழைச் சேர்த்தால் போதும். அதைச் செய்யாமல், பழைய கணினியிலிருந்த எழுத்துருவை விரலியில் சுமந்து வந்து புதியதில் குடியேற்றுகிறார்களே, அவ்வழக்கம் கண்டிக்கத்தக்கது.

அவ்வெழுத்துருக்கள் செய்வது யாது? ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின்மேல் தமிழ் வடிவத்தை ஒட்டிவைக்கின்றன. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கோ பொருளற்ற ஆங்கிலக் கோவை. அதே எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் திறந்தால் மாணவனின் கட்டுரை குறிகளும் கோடுகளுமாய்ச் சிதறும். தமிழ்ச் சொல்லைத் தேடினால் அகப்படாது, அகரவரிசையும் அமையாது. முத்து நெடுமாறன் மலேசியாவில் முரசு மென்பொருளை உருவாக்கிய 1980-களில் வேறு வழியில்லை. ஆனால் 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பே தமிழுக்கென 128 இடங்களை ஒதுக்கிவிட்டது. இன்னும் பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு என்ன நியாயம்? அச்சகத்தார் கேட்கிறார்கள் என்பர். அவர்கள் கையாண்ட பேஜ்மேக்கரின் 7-ஆம் பதிப்பு 2001-இல் வந்தது. 8-ஆம் பதிப்பு வரவேயில்லை. நின்றுபோன மென்பொருளுக்காக வகுப்பறை ஏன் நிற்க வேண்டும்?

விசைப்பலகையிலும் இதே அசட்டை. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைப்பது எளிதென்று கற்பிக்கப்படுகிறது. ஆங்கிலம் பழகிய பெரியவர்க்கு அது கைவந்ததாகலாம். தமிழெழுத்தை அப்போதுதான் கற்கும் சிறுவன் ஏன் ஆங்கில ஒலிவழி சுற்றிவர வேண்டும்? சிங்கப்பூரில் 1997-இல் கூடிய தமிழிணைய மாநாட்டிலும் சென்னையில் 1999-இல் கூடிய மாநாட்டிலும் அறிஞர்கள் ஆய்ந்ததன் பயனே தமிழ்99. அதில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. 'தங்கம்' என்பதற்குத் த, ங, க, ம, புள்ளி என ஐந்தே தட்டு. 'ங'வின் புள்ளி தானே விழும். ஆங்கில வழியிலோ ஏழெட்டு. மேலும், மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் இலக்கணத்தை விரலே கற்றுக்கொள்கிறது. தமிழாசிரியர்க்கு இதைவிட நல்ல பாடக்கருவி எங்கே கிடைக்கும்?

பழைய கோப்புகளை என்செய்வது எனின், அவற்றை யூனிகோடுக்கு மாற்றித்தரும் மாற்றிகள் இலவசமாகவே உள்ளன. எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதைப் பழைய கணினியில்தான் ஐயமறக் காணவியலும். அதை ஒதுக்குவதற்கு முன்பே பள்ளி மலர்களும் வினாத்தாள்களும் மாணவர் கதைகளும் மாற்றப்பட்டுவிட வேண்டும்.