முடித்துவைத்த வழக்கை நடுவர் மீண்டும் திறக்க முடியுமா?

பெங்களூரு: தமிழர்கள் கணிசமாக வாழும் ஈஜிபுராவில் ஒருவர், சீட்டுப் பண மோசடி குறித்துக் காவல் நிலையத்தில் புகார் அளிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போதிய ஆதாரம் இல்லை எனக் கூறி, காவல் துறை நீதிமன்றத்தில் 'பி ரிப்போர்ட்' தாக்கல் செய்கிறது. வழக்கை முடித்துவைக்கும் அறிக்கைக்குக் கர்நாடகத்தில் அதுவே பெயர். நடுவர் அதை ஏற்றுக்கொள்கிறார். பிறகு, பணம் கைமாறியதைக் காட்டும் வங்கி ஆவணம் ஒன்று கிடைக்கிறது. அதே நடுவரிடம் சென்று, வழக்கை மீண்டும் திறக்குமாறு கோர முடியுமா?

அவர் தமது உத்தரவைத் தாமே திரும்பப் பெற முடியாது. அறிக்கையை ஏற்பது நீதித்துறை உத்தரவு; அதை மறுபரிசீலனை செய்யும் அதிகாரத்தைச் சட்டம் நடுவருக்கு வழங்கவில்லை. உத்தரவே தவறு என்றால் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ சீராய்வு மனு தாக்கல் செய்ய வேண்டும்.

ஆனால், அந்த உத்தரவு அப்படியே இருக்கும்போதே விசாரணை மீண்டும் தொடங்கலாம் என்பதுதான் பலரும் அறியாத செய்தி. சென்னையில் சிபிஐ பதிவு செய்த ஊழல் தடுப்புச் சட்ட வழக்கு ஒன்றில், முடிவு அறிக்கை ஏற்கப்பட்ட பிறகு மேல் விசாரணை நடத்தப்பட்டுக் குற்றப்பத்திரிகை தாக்கலானது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 28 அன்று நீதிபதிகள் சூர்ய காந்த், ஜே.பி. பர்திவாலா அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. மேல் விசாரணை என்பது பழைய விசாரணையின் தொடர்ச்சியே என்றும், அதற்காக முந்தைய உத்தரவை ரத்து செய்யத் தேவையில்லை என்றும் அமர்வு கூறியது. பழைய விசாரணையை அடியோடு ஒதுக்கிவிட்டுப் புதிதாக விசாரிக்க உத்தரவிடுவது மட்டும் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகியவற்றின் அதிகாரம்.

இதில் குற்றம் சாட்டப்பட்டவரின் நிலை சங்கடமானது. மேல் விசாரணைக்கு முன் அவரது தரப்பைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் அதே தீர்ப்பின் நிலைப்பாடு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193(9) பிரிவு, மேல் விசாரணைக்கு 90 நாள் வரம்பு விதிக்கிறது. எனினும் அந்த வரம்பு சாட்சி விசாரணை நடக்கும் வழக்குகளுக்கே. முடித்துவைக்கப்பட்ட வழக்குக்கு அத்தகைய கெடு எதுவும் இல்லை. சட்டம் இயற்றியவர்கள் இந்த இடைவெளியைக் கவனித்திருக்கலாம்.

புகார்தாரருக்கு உண்மையான வாய்ப்பு, அறிக்கை ஏற்கப்படுவதற்கு முன்பே இருக்கிறது. அவருக்கு நோட்டீஸ் அனுப்பிக் கருத்தைக் கேட்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1985-லேயே கூறிவிட்டது. அப்போது எதிர்ப்பு மனு தாக்கல் செய்தால், நடுவர் மேல் விசாரணைக்கு உத்தரவிடலாம். அறிக்கையை நிராகரித்து வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். சித்தராமையா மீதான மைசூரு மனை ஒதுக்கீட்டு வழக்கில், லோக் ஆயுக்தாவின் பி ரிப்போர்ட்டைச் சிறப்பு நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உடனே ஏற்காமல் விசாரணையைத் தொடரச் சொன்னதும் இந்தக் கட்டத்தில்தான்.

கர்நாடகத்தின் கீழமை நீதிமன்ற மொழி கன்னடம். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர், நோட்டீஸில் இருப்பது என்னவென்று கேட்டறியாமல் மடித்து வைத்துவிட்டால் இந்த வாய்ப்பு கைநழுவிவிடும். அதன்பின் நடுவரிடம் தனிப்புகார் அளிக்கும் வழி உண்டு. ஆனால் ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை மட்டுமே சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தால், பொதுவாகக் குற்றம் நடந்த 3 ஆண்டுகளுக்குள் அதைத் தாக்கல் செய்தாக வேண்டும்.