புயலுக்குப் பின் ஒரு விளக்கு

2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் மரக்காணத்திற்கு அருகே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஆகவே, உப்பளக் கரையோர இல்லங்களில் ஜெனரேட்டர் பற்றிய பேச்சு எழுவது இயல்பே. பெட்ரோலா, கேஸா?

இரண்டிலும் ஓடும் பொறியே நன்று என்பேன். பெட்ரோல் சில மாதங்கள் கிடந்தால் கெட்டு, கார்புரேட்டரில் பிசினாகப் படியும். எரிவாயு ஆண்டுக்கணக்கில் கெடாது. திறன் மட்டும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். ஆயினும் சமையலுக்கான 14.2 கிலோ சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தச் சட்டம் இடந்தராது. வணிகச் சிலிண்டரே பெறவேண்டும்.

அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஓட 500 வாட் போதும். புறப்படும் கணத்திலோ அதைப்போல் மூன்று மடங்குக்கு மேலும் இழுக்கும். அதையும் கணக்கிட்டே வாங்குக. உப்புக்காற்று மின்முனைகளை அரிக்குமாதலால் மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் அவசியம்.

மழைக்கு அஞ்சிப் பொறியைத் தாழ்வாரத்திற்குள் இழுத்து வைப்போர் உண்டு. கூடவே கூடாது! அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உறங்குவோர் எழமாட்டார்கள். புயலடிக்கும் இரவுக்குக் கைவிளக்கு போதும். மழை ஓய்ந்தபின், சன்னல்களுக்குத் தொலைவில், வெட்டவெளியில் இயக்குங்கள்.

சுவர்ப் பிளக்கில் செருகி வீடு முழுவதும் மின்சாரம் பாய்ச்சுவது இன்னும் கொடிது. அது தெருக்கம்பிக்கு ஏறி, டிரான்ஸ்பார்மர் வழியே உயரழுத்தமாகும். நமக்காகக் கம்பத்தில் ஏறிய மின் ஊழியரின் கை அங்கே இருக்கும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பொருத்தாமல் பொறியை வீட்டு இணைப்பில் சேர்க்காதீர்கள்.