முதுகுன்றத்தில் ஐவர்

ஒரே காரியாலயத்தில் பத்து வருஷ காலம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறவரானாலும், அவரோடு ஒரு நாள் ரயிலேறிப் பார்க்காத வரையில் அவரை அறிந்துகொண்டோம் என்று சொல்வதற்கில்லை. நமது கணக்கர் விஷயத்தில் இந்த உண்மை சென்ற வாரந்தான் நமக்கு விளங்கிற்று.

பிரயாணத்துக்குக் காரணம் பிள்ளையார். நமது காரியாலயத்தின் வெள்ளி விழாவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சிறு பீங்கான் பிள்ளையார் கொடுப்பதென்று மானேஜர் தீர்மானித்தார். வேண்டியவை 600. கடைத்தெருவில் விசாரித்தால், கப்பலேறி வந்த பிள்ளையார்களே மலிவாகக் கிடைக்கிறார்கள் என்று தெரிந்தது. “விருத்தாசலத்தில் நம்மவர்கள் சூளை மூட்டிக்கொண்டு காத்திருக்கையில், விக்கின விநாயகரை அயல் நாட்டிலிருந்தா வரவழைப்பது?” என்று நாம் ஒரு சிறு பிரசங்கம் செய்தோம். பிரசங்கம் செய்தவனையே காரியத்துக்கும் அனுப்பிவிடுவது மானேஜர்களின் வழக்கம். துணைக்குக் கணக்கர், சரக்கு அறைக் குமாஸ்தா, விற்பனைப் பகுதி இளைஞர், கணினி பார்க்கும் அம்மாள் என்று நால்வர். ஆக ஐந்து பேர், காலை ரயிலில் புறப்பட்டோம்.

விருத்தாசலம் ஜங்ஷன், விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு நேர்வழியாகச் செல்லும் பாதையில் இருக்கிறது. கிழக்கே கடலூருக்கும் மேற்கே சேலத்துக்கும் இங்கிருந்து தண்டவாளம் பிரிகிறது. ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். பழமலை என்றும் சொல்வார்கள். குன்று எங்கே என்று விற்பனை இளைஞர் சன்னலுக்கு வெளியே வெகுநேரம் தேடினார். கண்ணுக்கெட்டிய தூரம் சமதரையாகவே இருந்தது. மலை பூமிக்குள் மறைந்திருக்கிறது என்பது ஸ்தல ஐதிகம்.

முதலில் காரியம், பிறகு கோவில் என்று கணக்கர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டபடியால், நேரே பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போனோம். அரசினர் ஏற்படுத்திய பேட்டை அது. இந்தத் தொழிலைக் கற்பிக்கத் தனியாக ஒரு தொழில்நுட்பப் பள்ளியும் ஊரில் இருக்கிறது. பக்கத்து ஊரான நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கும் கம்பெனி 1956-ஆம் வருஷம் ஏற்பட்டது. நிலக்கரிக்கு மேலே மூடிக் கிடக்கும் மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் வெளிப்படுகிறது. இவ்வூரில் சூளைகள் பெருகியதற்கு அந்த மண் பெருந்துணையாக இருந்தது.

நாம் போன பட்டறையின் சொந்தக்காரர் பெரியவர், பொறுமைசாலி. மண்ணிலிருந்து பிள்ளையார் எப்படி உண்டாகிறார் என்பதை ஒவ்வொரு படியாகக் காட்டினார். வெள்ளைக் களிமண், வெங்கச்சங்கல், பெல்ஸ்பார் என்னும் மற்றொரு கல், இம்மூன்றையும் தண்ணீரோடு ஒரு பெரிய உருளையிலிட்டு மணிக்கணக்காகச் சுழற்றுகிறார்கள். உள்ளே கிடக்கும் கூழாங்கற்கள் எல்லாவற்றையும் மாவாக அரைத்துவிடுகின்றன. அரைத்தது கஞ்சிப் பதத்தில் வெளிவருகிறது. அதைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, அச்சின் சுவரை ஒட்டிக் கஞ்சி கெட்டியாகி ஏடு கட்டுகிறது. சற்றுப் பொறுத்து நடுவில் மிஞ்சிய கஞ்சியைக் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறார்கள். அச்சைப் பிரித்தால் உள்ளே வயிறு காலியான பிள்ளையார்! கொழுக்கட்டை செய்யத் தெரிந்த நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இந்த வித்தை ஒரு நொடியில் விளங்கிவிடும். நமக்குக் கால்மணி நேரம் பிடித்தது.

உலர்ந்த பொம்மையைச் சூளையில் வைத்து, கண்ணாடிப் பூச்சுக் கொடுத்து, 1,200 டிகிரியை ஒட்டிய உஷ்ணத்தில் சுடுகிறார்கள். பெல்ஸ்பார் உருகி மற்ற இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிடுகிறது. சீனர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கைவரப் பெற்றிருந்த இந்த ரகசியத்தைக் கண்டுபிடிக்க ஐரோப்பியர் தவம் கிடந்தார்கள். ஜெர்மனியில் பொன் செய்யத் தெரியும் என்று சொல்லிக்கொண்ட பட்கர் என்ற ரசவாதியை சாக்ஸனி அரசன் பிடித்து அடைத்து வைத்தான். அவனுக்குப் பொன் வரவில்லை, பீங்கான் வந்தது. 1710-இல் மைசன் நகரில் அரசனின் பீங்கான் சாலை ஏற்பட்டது. பீங்கான் என்ற சொல்லை நாம் பாரசீகத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். சரக்கைச் சீனக் கப்பல்களிலிருந்து. இராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்தில் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் அகப்பட்டிருக்கின்றன.

“சூளைக்குப் போகும்போது ஒரு சாண் இருந்தால், வரும்போது விரற்கடை குறைந்துதான் வரும், ஐயா” என்றார் பெரியவர்.

“குறைந்ததற்கும் சேர்த்துத்தான் விலையோ?” என்றார் நம் கணக்கர். பேரம் ஆரம்பமாகிவிட்டது என்று அறிந்துகொண்டோம்.

முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு மின்சாரப் பலகையில் வெள்ளை வெளேரென்று பீங்கான் ப்யூஸ் கட்டைகள் இருந்தன அல்லவா? அவற்றைச் செய்துதான் இந்தப் பட்டறை தலையெடுத்ததாம். தானாக விழும் சுவிட்சுகள் வந்த பிறகு அந்த வியாபாரம் மெலிந்துபோய், இப்போது பொம்மையை நம்பியிருப்பதாகப் பெரியவர் சொன்னார். குறை சொல்லும் தொனியே அதில் இல்லை.

பேரம் ஒரு மணி நேரம் நடந்தது. பெரியவர் இறங்கக்கூடிய மட்டும் இறங்கினார். கடைசியில், “வர்ணம் வேண்டாமென்றால் பொம்மைக்கு ஏழு ரூபாய் குறைக்கலாம். வெள்ளையாகவே வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். கணக்கருக்கு முகம் மலர்ந்தது. “ஏழு அறுநூறு, 4,200 ரூபாய் மிச்சம்” என்று அந்த க்ஷணமே சொன்னார். சன்னலோரத்தில் ஓர் அம்மாள் மெல்லிய தூரிகையால் பிள்ளையார்களுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள். பொம்மைக்கு இத்தனை என்று அவளுக்குக் கூலி. அவள் தலை நிமிரவில்லை. எழுதிக்கொண்டிருந்த கண்ணை முடித்துவிட்டு அடுத்த பொம்மையை எடுத்தாள்.

மாதிரிக்கு ஒரு வெள்ளைப் பிள்ளையாரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கணக்கர் எழுந்தார். கோவிலுக்குப் போனோம்.

விருத்தகிரீசுவரர் ஆலயம் மணிமுத்தாற்றின் கரையில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கிய கோவில். இங்கே எல்லாம் ஐந்து: ஐந்து கோபுரம், ஐந்து பிரகாரம், ஐந்து தீர்த்தம், ஐந்து நந்தி, ஐந்து தேர். “ஐந்து பேராக வந்தது நல்லதாயிற்று” என்றார் குமாஸ்தா. தரைமட்டத்துக்குக் கீழே படியிறங்கிப் போய் ஆழத்துப் பிள்ளையாரைத் தரிசித்தோம். ஆகமங்கள் 28-ஐயும் 28 லிங்கங்களாக முருகன் பிரதிஷ்டை செய்ததாகச் சொல்லும் சந்நிதியில், கணக்கர் ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்தார். இந்த ஊரை விருத்தகாசி என்பார்கள். காசியைவிட வீசம் புண்ணியம் அதிகம் என்பது வழக்கு. “அதாவது 6.25 சதவீதம்” என்று விளக்கினார் அவரே.

ஆற்றங்கரையில்தான் அவர் உண்மையாகவே உற்சாகமடைந்தார். சுந்தரர் இங்கே இறைவனிடம் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது பெரிய புராணக் கதை. போடுமுன் பொன்னின் மாற்றைப் பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க மச்சமாக ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டாராம். “பார்த்தீர்களா! கடவுளிடம் வாங்கினாலும் மாதிரி எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும்” என்று கைக்குட்டை மூட்டையைத் தட்டிக் காட்டினார்.

மாதிரியின் மகிமைக்கு அண்மைக்கால அத்தாட்சியும் இந்தக் கோவிலிலேயே இருக்கிறது. இங்கிருந்த அர்த்தநாரீசுவரர் சிலை திருட்டுப்போய், 2004-இல் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தார் விலை கொடுத்து வாங்கிய பொருளாயிற்று. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் முன்னமே எடுத்து வைத்திருந்த புகைப்படம் அதைக் காட்டிக்கொடுத்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் தில்லிக்கு வந்தபோது சிலை நம் தேசத்திடம் ஒப்புவிக்கப்பட்டது. ஒரு பழைய படம் இல்லாவிட்டால் அந்த அம்மையப்பர் இன்னும் சிட்னியில் நின்றுகொண்டிருப்பார்.

பிறகு வன்னி மரத்தடிக்கு வந்தோம். கணினி பார்க்கும் அம்மாளுக்கு அந்த மரத்தின் கதை பாட்டி சொல்லித் தெரியும். விபசித்து முனிவர் திருப்பணி செய்வித்த காலத்தில், மாலையில் வேலையாட்களுக்கு இந்த மரத்தின் இலையைக் கூலியாகக் கொடுப்பாராம். வாங்கிக்கொண்டு போனால், அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி இலை பொற்காசாக மாறிவிடுமாம். சோம்பேறிக்கு இலை இலைதான்.

“அந்தக் கண் எழுதுகிற அம்மாளுக்கு எத்தனை காசு ஆகியிருக்கும், ஐயா?” என்று கேட்டாள் அவள். வேறு நோக்கம் வைத்துக் கேட்டதாக நமக்குத் தோன்றவில்லை. கணக்கர் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாத கணக்கை நாம் கண்டது அதுவே முதல் தடவை.

ரயிலுக்கு நேரமிருந்தபடியால் மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோவிலுக்கும் போனோம். இங்கே முருகப் பெருமானிடம் பிராது எழுதிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. குறையைக் காகிதத்தில் எழுதி முனியப்பர் சந்நிதியில் கட்டுகிறார்கள். காரியம் கைகூடியதும் வந்து ராஜினாமா எழுதிக் கொடுக்கிறார்கள். ஒழுங்கான காரியாலயம்! விற்பனை இளைஞர் சம்பள உயர்வு குறித்து எழுத ஆரம்பித்தவர், நம்மைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் வண்டியைத் தொழிற்பேட்டைப் பக்கம் விடச் சொன்னது கணக்கர்தான். மாதிரியில் ஏதோ குறை இருக்கிறது என்றார். பெரியவர் பதறிப்போய் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒன்றும் தெரியவில்லையே, ஐயா?”

“கண் இல்லை” என்றார் கணக்கர். “600-க்கும் எழுதிவிடச் சொல்லுங்கள். ஏழு ரூபாயே போட்டுக்கொள்ளுங்கள்.”

சன்னலோரத்து அம்மாள் அப்போது விளக்கைப் போட்டுக்கொண்டு இன்னும் வேலை செய்துகொண்டிருந்தாள். கணக்கர் தம் மாதிரியை அவளிடம் நீட்டினார். அவள் இரண்டு தடவை தூரிகையைத் தொட்டு எழுதிவிட்டு, உலரும்வரை விரல் படக்கூடாது என்று எச்சரித்துத் திருப்பிக் கொடுத்தாள். ஊர் வந்து சேரும்வரையில் அவர் பிள்ளையாரைக் கைக்குட்டையில் சுற்றாமல் உள்ளங்கையிலேயே ஏந்திக்கொண்டு வந்தார்.

விழுப்புரம் தாண்டியபின் மற்றொரு கையால் ஒரு காகிதத்தில் எழுதத் தொடங்கினார். அதிகச் செலவு 4,200 ரூபாய்க்குக் காரணம் காட்டும் விண்ணப்பம் என்று தெரிந்தது.

“இது மானேஜருக்கா, முனியப்பருக்கா?” என்று விற்பனை இளைஞர் எட்டிப் பார்த்தார்.

“முதலில் மானேஜருக்கு” என்றார் கணக்கர். “நகல் ஒன்று வைத்துக்கொள்கிறேன்.”