வரைபடத்தில் மட்டும் வழவழப்பான மலை

மலைநிழல் வரைபடத்தில் கறையோ கோடோ தென்பட்டால் உடனே மழுக்கிவிடு என்பது கணினி வரைபடக்காரர் பலருக்கு வேதவாக்காகிவிட்டது. பெரகலச் சந்தியில் நின்று தெற்கே ஒருமுறை பார்த்தவர் இதற்கு இசைய மாட்டார்.

ஏ4 நெடுஞ்சாலை வெல்லவாயவை நோக்கி இறங்க, ஏ16 அப்புத்தளைக்கு ஏறும் இடம் அது. மலைநாடு அங்கே தெற்கு நோக்கிச் செங்குத்தாக விழுகிறது. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் சுற்றி ராடரால் பூமியின் உயரங்களை அளந்தபோது, செங்குத்து மலைகள் பலவற்றின் மறைவில் அலை எட்டவில்லை. தரவில் பொத்தல் விழுந்தது. அண்டை உயரங்களைக் கொண்டு அதற்கு ஒட்டுப்போடுகிறார்கள். ஒட்டு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே ஓர் ஓடை இருந்ததா, பழைய சரிவின் வடு இருந்ததா என்பதை ஒட்டு சொல்லாது.

திருத்தவே கூடாது என்பதல்ல என் வாதம். தரவை வேறு வீழலுக்கு மாற்றுகையில் அண்மைப் புள்ளியை அப்படியே எடுப்பதால் மீன்முள் போன்ற கோடுகள் எழும்; அண்டைப் புள்ளிகளையும் கணக்கிட்டு மாற்றி, பிறகு நிழலிட்டால் அவை மறையும். இது நேர்மையான வைத்தியம். வடமேற்கு ஒளி என்ற மரபோ தென்சரிவு முழுவதையும் இருளில் தள்ளுகிறது. பல திசை ஒளிகளைக் கலந்தால் அதுவும் தீரும். இவ்வளவையும் விட்டுவிட்டு மழுக்குவது வெறும் சோம்பல்.

மலையக வீடமைப்பில் முன்பு பேசப்பட்டது குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி. 30 மீற்றர் கட்டம் ஒன்றினுள் அத்தகைய காணிகள் ஐந்து அடங்கும். ஐந்து குடும்பத்துக்கும் ஒரே உயரம்! ஒன்பது கட்டங்களின் சராசரியால் மழுக்கினால், நாற்பத்தைந்து காணிகளின் மேடுபள்ளம் ஒரே எண்ணில் கரைகிறது.

கொஸ்லந்த மீரியபெத்தயில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயன்கள் மண்ணுள் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் காக்கவில்லையே, வரைபடத்தோடு ஏன் சண்டை என்பீர்கள். அறிந்த ஆபத்துக்கே கதி இதுவென்றால், வரைபடத்திலிருந்தே துடைக்கப்பட்ட ஆபத்தைப் பற்றி எந்த அதிகாரி கவலைப்படுவார்? 2025 நவம்பரில் டித்வா புயலோடு பதுளை மாவட்டத்தில் மீண்டும் மலைகள் சரிந்தன. மாற்றுக் காணி தேடுவோர் கையில் இருப்பதும் வரைபடந்தான்.

ஒட்டுப்போட்ட இடங்களை வேறு நிறத்தில் காட்டுங்கள். மழுக்காத தரவையும் கூடவே வெளியிடுங்கள். அந்த வண்ணத் திட்டு எந்த லயனின் மேல் விழுகிறதென்று அங்கு குடியிருப்பவரே பார்த்துக்கொள்ளட்டும்.