திகதி வரும்வரை சும்மா படுக்க வைக்காதீங்கோ

ஒப்பரேசனுக்குத் திகதி கிடைத்ததும் எங்கட வீடுகளில் இரண்டு விசயம் நடக்கும். முதலாவது, ஆளைக் கட்டிலில் போட்டுவிடுவோம். "நீங்க ஒண்டும் செய்ய வேண்டாம் மாமா, படுங்கோ." இரண்டாவது, பத்தியம் தொடங்கும். இந்த மீன் கிரந்தி, முட்டை சூடு, கடலை வாய்வு. கடைசியில் மிஞ்சுறது கஞ்சி. இரண்டையும் அன்பில்தான் செய்கிறோம். ஆனால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயோடு காத்திருக்கிற ஒருவருக்கு இந்த அன்பே கேடாகலாம்.

காரணம் தசை. இந்த நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, சத்திரசிகிச்சைக்கு முன்னரே தசை குறைந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கசிந்து இரத்தசோகை வரும். களைப்பில் ஆள் நடமாட்டத்தைக் குறைப்பார். வயிற்று நோவுக்குப் பயந்து சாப்பாட்டையும் குறைப்பார். நோயால் உடம்புக்குள் உண்டாகிற அழற்சியும் தன் பங்குக்குத் தசையைக் கரைக்கும். மலக்குடலில் என்றால் பலருக்கு முதலில் கதிர்ச்சிகிச்சையும் கீமோவும் கொடுப்பார்கள். அப்ப காத்திருப்பு மாதக்கணக்காகும்.

தசை போனால் மெலிவுதானே என்று நினைக்க வேண்டாம். காயம் ஆறப் புரதம் வேண்டும். சாப்பிட ஏலாத நாட்களில் உடம்பு அதைத் தசையிலிருந்துதான் எடுக்கும். சளியை இருமி வெளியே எடுக்கவும், கட்டிலால எழும்பவும் தசை வேண்டும். அது குறைந்தவர்களுக்கு ஒப்பரேசனுக்குப் பிறகு சிக்கல்களும் கூட, வாட்டில் கிடக்கிற நாட்களும் கூட.

"ஆள் குண்டாத்தானே இருக்கிறார்" என்பதையும் நம்ப ஏலாது. கொழுப்புக்குள்ளே தசை குறைவது வெளியில் தெரியாது. நோய் எவ்வளவு பரவியிருக்கு என்று பார்க்க எடுக்கிற சீ.ரீ. ஸ்கேனிலேயே, நாரிப்பக்க முள்ளந்தண்டு மட்டத்தில் தசையின் பரப்பை அளக்கலாம். அதற்கென்று புதிதாகப் படம் எடுக்கத் தேவையில்லை.

படுக்கை என்ன செய்யும்? 2007இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வொன்றில், சுகமாக இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ கொழுப்பற்ற திசு போய்விட்டது. வருத்தம் இல்லாத ஆட்களுக்கே இந்தக் கதி.

மறுபக்கமும் இருக்கு. 2023இல் ஜாமா சேர்ஜரி இதழில் வந்த ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்காரர் 251 பேர் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஒப்பரேசனுக்கு முன் 4 கிழமை உடற்பயிற்சி, புரதச் சாப்பாடு, மன ஆதரவு, புகைப்பதை நிறுத்த உதவி எல்லாம் கொடுத்தார்கள். கடும் சிக்கல்கள் வந்தது அவர்களில் 17 வீதமானோருக்கு. வழமைப்படி காத்திருந்தவர்களில் 30 வீதமானோருக்கு.

அங்கே பயிற்சியாளர் பக்கத்தில் நின்றார். வீட்டு முற்றத்தில் அதே பலன் வரும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கதிரையில் இருந்து பத்துத் தரம் எழும்பி இருக்கவும், பின்னேரம் வளவைச் சுற்றி நடக்கவும் காசு தேவையில்லை.

சாப்பாட்டுக்குக் காசு வேண்டும், உண்மைதான். புற்றுநோயாளிக்கு நாளுக்கு, நிறையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பார்கள். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கு. ஒரு கோப்பைச் சோற்றுக் கஞ்சியில் சில கிராம்தான். மீன் வாங்க ஏலாத நாளில் பருப்பு, பயறு, சோயாமீற் இருக்கு. ஆனால் குடல் அடைபடுகிறவர்களுக்கும் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கும் சாப்பாடு வேறு மாதிரி இருக்கும். அதை டொக்டரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

ஆஸ்பத்திரிகளிடமும் எங்களுக்கு ஒரு கேள்வி இருக்கு. ஒப்பரேசனுக்குப் பிறகு கட்டிலடிக்கு வருகிற பிசியோ, முன்னமே ஒருக்கால் ஆளைப் பார்த்தால் என்ன? திகதி எழுதித் தரும்போதே என்ன சாப்பிடுவது, எவ்வளவு நடப்பது என்று தமிழில் ஒரு பக்கத் தாள் தந்தால் என்ன? இதற்குப் புது மெசினோ புதுக் கட்டடமோ வேண்டியதில்லை.

அது வரும்வரை இந்த வேலை எங்கட தலையில். அப்பாவையோ பெரியம்மாவையோ கூட்டிக்கொண்டு கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்பது நாங்கள்தான். கிழமைக்கு ஒருக்கால் நிறை பார்த்து அந்தக் கொப்பியிலேயே எழுதுவோம். ஆறு மாதத்தில் 60 கிலோவில் 3 கிலோ குறைந்திருந்தால் வாய் திறந்து சொல்லுவோம். திகதி கிடைத்ததும் கொப்பியை மூடிக்கொண்டு வெளியே வராமல், இன்னொரு கேள்வியும் கேட்போம்: "டொக்டர், அதுவரைக்கும் இவர் என்ன செய்ய வேணும்?"