சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற

எங்க வீட்டு ஓனர் பெரியவர்கிட்ட 1999 மாடல் ஃபோர்டு பிக்கப் ஒண்ணு இருக்கு. 7.3 லிட்டர் டீசல். வயசானாலும் நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. போன மாசம் பார்த்தா வண்டிக்கு அடியில கறுப்பா எண்ணெய். ஒர்க்‌ஷாப்ல எட்டிப் பார்த்துட்டு, "கிராங்க் பின்பக்க சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்"னுட்டாங்க. அவங்க கேட்ட தொகைக்கு மனுஷன் வண்டியையே வித்துடலாம்னு கிளம்பிட்டார். நான்தான் "ரெண்டு நாள் பொறுங்க"ன்னேன்.

என் கட்சி இதுதான் மக்களே: ஒழுகுற இடத்தைக் கண்ணால பார்க்காம ஒரு போல்ட்டைக்கூடத் தொடக்கூடாது. எண்ணெய் கீழ இறங்கும். வண்டி ஓடுறப்போ காத்து அதைப் பின்னால தள்ளும். அதனால சொட்டு விழுற இடத்துக்கு மேலதான் ஓட்டைன்னு நினைச்சா, தலைவலிக்குத் தலையணையை மாத்தின கதைதான்.

எஞ்சினை நல்லா கழுவி, ஆயில்ல யூவி சாயம் கலந்து, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து லைட் அடிச்சோம். டிரைவர் பக்கம் எஞ்சினை ஒட்டி நீளமா படுத்திருக்கே ஆயில் கூலர், அதோட பின் முனையிலேர்ந்து பளிச்சுனு ஒரு கோடு. அது வழிஞ்சு பின்னால போயிருக்கு. கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேர்ந்து ஒண்ணும் வரல. சீல் பாவம், அது மேல வீண் பழி!

இந்தக் கூலர் ஒரு குழாய்க் கட்டு. ஆயில் சூட்டை கூலன்ட் தண்ணி வாங்கிக்கும். ரெண்டு முனை மூடியிலயும் ரப்பர் ஓ-ரிங். இருபத்தஞ்சு வருஷம் சூட்டுல வெந்தா எந்த ரப்பரும் இறுகத்தான் செய்யும். ஆயில், கூலன்ட் ரெண்டையும் வடிச்சு, கூலரை இறக்கி, மூடி எந்தக் கோணத்துல இருந்துச்சுன்னு கோடு போட்டுக்கிட்டுப் பிரிச்சோம். புது ரிங், புது கேஸ்கெட் போட்டு மாட்டினோம். ஒரு சனி ஞாயிறு வேலை. முதுகுதான் போச்சு :-)

"சொட்டுதானே, ஊத்திக்கிட்டே ஓட்டலாம்"னும் சிலர் சொல்வாங்க. இந்த எஞ்சின்ல அது ஆகாது. இதுல இன்ஜெக்டரை இயக்குறதே ஆயில் அழுத்தம்தான். மொத்தம் 14 லிட்டர் பிடிக்கும், அது ரொம்பக் குறைஞ்சா வண்டி நின்னே போகும்.

ரிங் மாத்தினா எல்லாம் சரியாயிடும்னும் சொல்ல வரல. கூலன்ட் டப்பாவுல எண்ணெய் மிதந்தா உள்குழாயே ஓட்டையாகியிருக்கலாம். ஓடுறப்போ ஆயில் அழுத்தம் அதிகம்ங்கிறதால அது தண்ணிக்குள்ள போகும். அப்போ கூலரை பிரஷர் வச்சு சோதிக்கணும், ஓட்டைன்னா கூலரையே மாத்தணும். ஒழுகலை அடைக்கிற பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம், சின்னச் சின்ன வழியெல்லாம் அடைச்சுக்கும்.

ஒர்க்‌ஷாப்காரங்களுக்கு நேரம்தான் காசு, அது புரியுது. ஆனா அரை மணி நேரம் லைட் அடிக்கச் சோம்பல்பட்டு, ஒரு நல்ல வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பப் பார்த்தாங்களே, அதைத்தான் ஏத்துக்க முடியல.

பெரியவர் தினம் ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு அட்டையைப் போட்டு வைக்கிறார். ரெண்டு வாரமாச்சு, அட்டை காஞ்சே கிடக்கு.