வேலை போனால் வீடும் போகலாமா?

ஷா ஆலாமில் 1972 முதல் இயங்கிய குட்இயர் டயர் தொழிற்சாலை 2024 ஜூன் மாதத்தோடு மூடப்பட்டதில் சுமார் 550 பேர் வேலை இழந்தனர்.

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்ட மக்களுக்கு ஆட்குறைப்பு புதிதல்ல. பெஸ்தாரி ஜெயா பகுதியின் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வேலை போன பிறகு சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு போராடினர். வேலையும் வீடும் ஒரே முதலாளியின் கையில் இருந்ததே காரணம்.

தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போன பிள்ளைகளுக்கு லயம் இல்லை. வங்கிக் கடனில் வாங்கிய வீடு இருக்கிறது. சம்பளம் நின்றாலும் மாதத் தவணை நிற்காது.

1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. 20 ஆண்டு உழைத்திருந்தால் 400 நாள் சம்பளம். இது குறைந்தபட்சமே, தொழிற்சங்கம் கூடுதலாகக் கேட்கலாம்.

பெர்கேசோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50 விழுக்காடு என உதவித்தொகை படிப்படியாகக் குறையும். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வருத்தத்தில் முடங்கி அந்த நாள்களைத் தவறவிடுபவருக்கு இழப்பு இரட்டிப்பாகும்.